கட்டிலுக்கு இரண்டு பேர்

வல்லம் வடகால்
3.6.2025

சத்யப்பிரியாவுக்கு, மாமா நரசிம்மன் சொல்லச் சொல்ல எழுதுவது.

யார் எழுதியது என்று பார்த்ததும் கிழித்துப் போடாதே. முழுக்கப் படித்துவிட்டுக் கிழி. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் பழைய நம்பருக்குப் போட்டால் அது உபயோகத்தில் இல்லை என்கிறார்கள். டில்லிபாபு ஹாஸ்டலின் பிளான் ஒன்று ஆபீஸ் அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதன் மூலையில், நீ அப்போது வீட்டிலிருந்தே வேலை பார்த்த கோயம்புத்தூர் ஆபீஸின் விலாசம் அச்சிட்டிருக்கிறதாம். அதைப் பார்த்துத்தான் இது வருகிறது.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். எழுதுகிறவர் இங்கேயே வேலை செய்கிறவர். நான் பேசுகிறபடியே எழுதினால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று அவரே புத்தகத் தமிழாக்கிக்கொள்கிறார். தன் பெயரைப் போட வேண்டாம் என்கிறார். போடவில்லை.

நீ இந்த ஹாஸ்டலை வரைந்தது எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. என் பிள்ளை வசந்தகுமார் அப்போது உயிரோடு இருந்தான், நைட் ஷிப்ட் முடித்து உள்ளே தூங்குவான். சத்தம் போடக் கூடாது என்று நீ கூடத்தில் அரிசி டிரம் மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வரைவாய். எனக்கு வேலை இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதில் நீ ஒரு எண்ணைத் தட்டினாய். அது இன்னா என்று கேட்டேன். "இந்த ரூம்ல ஒரே நேரத்துல எத்தினி பேர் இருப்பாங்கன்னு சொல்லணும் மாமா. அத வெச்சி படிக்கட்டு எவ்ளோ அகலம், வாசல் எத்தினின்னு இதுவே கணக்கு போட்டுக்கும்" என்றாய். கட்டிலுக்கு ஒருத்தி என்று அறைக்கு ஆறாகத் தட்டிக்கொண்டே போனாய். பாதிக்கு மேல் போனதும் முன்பக்கப் படிக்கட்டு சிவப்பாகிவிட்டது. அத்தனை பேருக்கு அந்த ஒரு படி போதாதாம். நீ சிரித்துக்கொண்டே பின்பக்கம் இன்னொரு படிக்கட்டை இழுத்து வைத்தாய். இரண்டும் பச்சையாயின. கடைசியாக கேட் பக்கத்து அறையில் ஒன்று என்று போட்டாய். அது யாரு என்றேன். "நீங்கதான் மாமா. வாட்ச்மேன் வேலை உங்களுக்குத்தான்னு டில்லிபாபு சொல்லிட்டாரே" என்றாய்.

அந்த ஒன்றாகத்தான் இப்போது இங்கே இருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே இப்போது ஷிப்ட் கட்டில் நடக்கிறது. பகல் ஷிப்டுக்குப் போகிற பெண்ணுக்கும் ராத்திரி ஷிப்டுக்குப் போகிற பெண்ணுக்கும் ஒரே கட்டில். ஒருத்தி எழுந்து பஸ் ஏறினால் இன்னொருத்தி வந்து அதே மெத்தையில் படுப்பாள். பாதி வாடகை, அதனால் அவர்களுக்கும் சம்மதம். மற்ற நாட்களில் ஒன்றும் தெரிவதில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு ஷிப்ட் மாறும். அன்று கம்பெனியில் லைன் ஓடாது. காலையில் வேலை முடித்து வந்தவர்களும் இருப்பார்கள், லீவில் இருப்பவர்களும் இருப்பார்கள். கட்டிலில் ஒருத்தி, கட்டிலுக்கு அடியில் ஒருத்தி, வராண்டா முழுக்கப் பாய்.

முந்தாநாள் அப்படி ஒரு ஞாயிறு. இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. மத்தியானம் லாரி வந்தது. யாரோ ஒருத்தி மேலிருந்து "லாரி வந்துச்சு" என்று கத்தினாள். அவ்வளவுதான். எல்லோரும் பக்கெட்டோடு இறங்கினார்கள். நான் கீழே நின்று பார்த்தேன். படி தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. ஒரு பெண்ணின் ஜடை கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. அவள் கழுத்து பின்னால் இழுபட, மற்றவர்கள் அவளைத் தள்ளிக்கொண்டே இறங்கினார்கள். யாரும் வேண்டுமென்று தள்ளவில்லை. பின்னால் இருப்பவளுக்கு முன்னால் நடப்பது தெரியவில்லை. நான் ஏறிப்போய் ஜடையை விடுவிப்பதற்குள் அவள் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. தண்ணீருக்கே இப்படி.

இரண்டாவது மாடிச் சுவரில் ஒரு விரிசல் வேறு விட்டிருக்கிறது. இத்தனை பேர் கனத்தைக் கட்டடம் தாங்குமா என்று பயமாக இருக்கிறது.

நீ உன் லேப்டாப்பில் அந்த எண்களை மாற்றிப் போட்டால் படிக்கட்டு மறுபடி சிவக்குமா? அதை மட்டும் சொல். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

நரசிம்மன்


கோயம்புத்தூர்
10.6.2025

மாமா,

கடிதம் ஆபீஸுக்கு வந்தது. ரிசப்ஷனில் பிரித்துப் பார்த்த பிறகுதான் என்னிடம் கொடுத்தார்கள். இனிமேல் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் கவரின் பின்னால் இருக்கும் வீட்டு விலாசத்துக்கு எழுதுங்கள். போன் நம்பர் தரவில்லை. பேசினால் நீங்கள் அழுவீர்கள், இல்லையென்றால் நான் அழுவேன். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை.

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். எழுதுவேன். என் இரண்டாம் கல்யாணப் பத்திரிகையை நானே நேரில் கொண்டுவந்தேன். வசந்த் போய் இரண்டு வருஷம் ஆன பிறகு, உங்களிடம் கேட்டு, நீங்கள் "உன் இஷ்டம்" என்று சொன்ன பிறகு. ஜோயலும் கூட வந்து நின்றார். நீங்கள் அதை வாங்காமல், மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன் என்று பின்பக்கம் போனீர்கள். எவ்வளவு நேரம் நின்றோம் தெரியுமா? எந்த மோட்டாரும் அவ்வளவு நேரம் ஓடாது.

இப்போது நீங்கள் கேட்டதற்குப் பதில். விரிசல் மேல்பூச்சு விரிசலாகத்தான் இருக்கும். கனத்துக்கான கணக்கு தனி. அதை வேறொரு இன்ஜினியர் நிறையவே இடம் விட்டுப் போட்டிருக்கிறார். கட்டடம் விழாது. நான் போட்டது ஆட்கணக்கு. ஓர் அறையில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் இருக்கக்கூடும், ஆபத்தென்றால் அத்தனை பேரும் வெளியே வர வழி போதுமா என்பது அது. கட்டிலுக்கு ஒருவர் என்று உரிமையாளர் சொன்னார். அதன்படி போட்டேன். இரண்டு படிக்கட்டுகள் வந்தன. கூடுதலாகச் சிலர் இருந்தாலும் இரண்டு படியும் சேர்ந்து சமாளித்துவிடும். பிளானில் கையெழுத்துப் போட்டது நான் அல்ல. நீங்கள் பயப்பட ஒன்றும் இல்லை.

சத்யப்பிரியா

பி.கு.: கவரை ஒட்டிவிட்டு மறுபடி பிரித்து இதை எழுதுகிறேன். கட்டிலுக்கு இரண்டு பேர் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. அது இருக்கட்டும். அன்று தண்ணீருக்கு ஓடியவர்களில் பாதிப் பேர் ஏன் பின்பக்கப் படியில் இறங்கவில்லை?


வல்லம் வடகால்
16.6.2025

சத்யாவுக்கு மாமா எழுதுவது.

உன் கடிதத்தை எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார்கள். மோட்டார் ஓடவில்லை. அன்று கரண்டே இல்லை. போர் குழாய்க்குப் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் இருவரும் போகிற செருப்புச் சத்தம் கேட்ட பிறகு வந்தேன்.

பின்பக்கப் படி இருக்கிறது. அதன் அடியில் இருக்கும் கதவு பொங்கலிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. பொங்கலுக்கு முன்னால் ஒரு பெண் அந்த வழியாகப் போய் மறைமலை நகர்ப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அவள் அப்பா ஆட்களோடு வந்து டில்லிபாபுவின் சட்டையைப் பிடித்தார். (சட்டையைப் பிடித்ததை எழுத மாட்டேன், கடிதம் டில்லிபாபு கையில் சிக்கினால் என்ன ஆவது என்றார் எழுதுகிறவர். எழுதும்மா, தெருவே பார்த்ததுதானே என்றேன்.) அன்று சாயங்காலமே பூட்டு வந்துவிட்டது. சாவி டில்லிபாபு வீட்டில்.

நீ கேட்டிருந்ததை நானும் கேட்டேன். டில்லிபாபு பைக்கை ஸ்டாண்ட் போடக்கூட விடவில்லை.

"பாபு, பின்னாடி கதவ தொறந்து வுடு. ஷிப்ட் மாறுற ஞாயித்துக்கெழமையாவது."

"இன்னா நைனா, திடீர்னு இன்ஸ்பெக்டர் மாதிரி பேசற?"

"பயமா கீது பாபு."

"உனக்கு பயமா கீது. எனக்கு தெனம் எத்தினி போன் வருது தெரியுமா? தென்காசிலேர்ந்து, சங்கரன்கோயில்லேர்ந்து. எம் பொண்ணு உள்ள கீறாளா, கேட்டு பூட்டியாச்சான்னு. அந்தப் பூட்ட நம்பித்தான் புள்ளைங்கள அனுப்பறாங்க. பூட்டு இல்லன்னா ஹாஸ்டலு இல்ல. ஹாஸ்டலு இல்லன்னா உனக்கு அந்த ரூமும் இல்ல."

"தீ கீ புடிச்சா?"

"வாயக் கழுவு. பத்த வெக்க இங்க இன்னா பட்டாசுக் கடையா நடத்தறேன்?"

பட்டாசுக் கடை இல்லைதான். ஆனால் ஒன்று இருக்கிறது. பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்வர டில்லிபாபு வாடகைக்கு விடுகிற பேட்டரி ஸ்கூட்டர்கள். அவற்றை முன்பக்கப் படிக்கட்டுக்கு அடியில் வரிசையாக நிறுத்தி நாள் முழுக்க சார்ஜ் போடுகிறார்கள். தொட்டால் சுடுகிறது. நான் வயரைப் பிடுங்கிவிட்டு கேட்டுக்குப் போவேன், திரும்பி வருவதற்குள் யாராவது சொருகியிருப்பார்கள். கட்டடம் விழாது என்று நீ எழுதியதைக் கேட்டதும் முதலில் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி பி.கு. வரைக்கும்தான்.

நரசிம்மன்


கோயம்புத்தூர்
23.6.2025

மாமா,

நேற்றுக் காலையில் ஜோயல் சர்ச்சுக்குப் போன பிறகு பழைய பைலைத் திறந்தேன். வீட்டு லேப்டாப்பில் ஒரு பிரதி இருந்தது. திறக்க வேண்டாம் என்று மூன்று நாள் தள்ளிப் போட்டேன். உங்களிடம் மறைக்கவில்லை, பயம்.

முதலில் அறைகளில் ஆறு இருந்த இடத்தில் பன்னிரண்டு போட்டேன். இரண்டு படிக்கட்டும் சிவந்தன. அது நான் எதிர்பார்த்ததுதான். பிறகு பூட்டைச் சேர்க்கப் பார்த்தேன். மாமா, அந்த சாஃப்ட்வேரில் பூட்டு என்று ஒன்றைப் போட வழியே இல்லை. வழி என்று குறித்த கதவு திறக்கும் என்றுதான் அது நம்பும். மூன்று வருஷமாக என் படத்தில் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. பூட்டியிருக்கிறது என்று அதற்குப் புரியவைக்க வேண்டுமென்றால் கதவை அழித்துவிட்டு அங்கே சுவர் எழுப்ப வேண்டும். எழுப்பினேன்.

படிக்கட்டு மட்டும் சிவக்கும் என்று நினைத்தேன். எல்லாம் சிவந்துவிட்டது. அறைகள், வராண்டா, குளியலறைப் பக்கம், மூன்று மாடியும். சிவக்காமல் மிச்சம் இருந்தது கேட் பக்கத்தில் உங்கள் அறை ஒன்றுதான். அதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. ஜோயல் வந்து என் தோளைத் தொட்டபோது கத்திவிட்டேன்.

ஸ்கூட்டர் விஷயம் இன்னும் மோசம். அந்த பேட்டரி பற்றினால் நெருப்பு வருவதற்கு முன்னால் புகை வரும். புகை எப்போதும் மேலே போகத்தான் பார்க்கும். மேலே போக அங்கே இருக்கிற வழி படிக்கட்டு. அவர்கள் இறங்க வேண்டிய அதே வழி. தயவுசெய்து அவற்றை அங்கிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

டில்லிபாபுவுக்கு போன் செய்தேன். "கணக்கு போட்டதுக்கு உங்க ஆபீஸ் காசு வாங்கிக்கிச்சி இல்ல? அத்தோட மேட்டரு முடிஞ்சிச்சி" என்று வைத்துவிட்டார்.

தீயணைப்பு அலுவலகத்துக்கும் கலெக்டருக்கும் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். பிளானில் வரைந்தவர் என்ற இடத்தில் என் பெயரின் முதலெழுத்துகள் இருக்கின்றன. மனு போனால் எங்கள் ஆபீஸிலும் என்னைக் கேட்பார்கள், இந்த வேலை போகலாம். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உங்களைத்தான் கேட்க வேண்டும். அவர்கள் வந்து பார்த்தால் கட்டடத்துக்கு சீல் வைப்பார்கள். உங்களுக்கும் அந்த வேலை போய்விடும். ஜூலை முதல் ஞாயிறு ஆறாம் தேதி வருகிறது. அதற்குள் சரி என்று ஒரு வரி எழுதுங்கள், அனுப்பிவிடுகிறேன்.

இந்த முறை மோட்டார் போடப் போய்விடாதீர்கள்.

சத்யா


வல்லம் வடகால்
28.6.2025

சத்யாவுக்கு மாமா எழுதுவது.

அனுப்பாதே.

என் வேலைக்காகச் சொல்லவில்லை. சரி என்று எழுதச் சொல்லித்தான் தொடங்கினேன். அப்போது செல்லக்கனி என்று ஒரு பெண் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். தென்காசிப் பக்கத்துப் பெண். இரண்டாவது மாடி. அன்று ஜடை மாட்டிக்கொண்டது இவளுக்குத்தான். சீல் என்ற பேச்சு அவள் காதில் விழுந்துவிட்டது. தட்டை வைத்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"தாத்தா, சீல் வச்சிட்டாவன்னா எங்கள எங்க போவச் சொல்லுதீய?"

"வேற ஹாஸ்டல் பாத்துக்கலாம்மா."

"பாதி வாடகைக்கு எவன் தருவான்? எங்கய்யாவுக்கு விசயம் தெரிஞ்சா மறுநாளே வந்து கூட்டிட்டுப் போயிருவாவ. ஊர்ல எங்க மாமா மவன் நான் எப்ப வருவேன்னு கட்டிக்கிடக் காத்துக் கெடக்கான், எனக்கு மூத்தவன், குடிச்சிட்டு ஆட்டோ ஓட்டுதவன். நான் இங்க நெருப்புல கெடந்தாலும் கெடப்பேன், அங்க போ மாட்டேன்."

"அப்டிலாம் சொல்லாத."

"நீங்க எழுதாதீய. அம்புட்டுதான்."

அவளோடு இன்னும் நாலைந்து பெண்கள் வந்து நின்றுகொண்டார்கள். யாரும் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீ எழுதிய சிவப்பை அவர்களுக்குச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். இந்தப் பிள்ளைகள் அப்புறம் எப்படிக் கண் மூடும் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டேன்.

அதனால் நானே ஒரு வழி செய்திருக்கிறேன். பூட்டில் துரு ஏறிவிட்டது, எண்ணெய் விட வேண்டும் என்று டில்லிபாபு வீட்டில் சாவி வாங்கிவந்தேன். எண்ணெய் விட்டேன், சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பூட்டைப் பூட்டவில்லை. கொண்டியில் சும்மா தொங்குகிறது. பார்க்கிறவனுக்குப் பூட்டிய மாதிரிதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு நான் உட்கார்ந்துகொள்வேன். பெண்கள் ஓடிப்போகக் கூடாது என்பதுதானே பெற்றவர்களுக்குக் கவலை? பூட்டுக்குப் பதில் நான் இருக்கிறேன்.

இது எனக்கும் எழுதுகிறவருக்கும் உனக்கும் மட்டும் தெரியும். ஒரு பெண்ணின் காதில் போட்டால் மறுநாள் எல்லோருக்கும் தெரியும், அதற்கடுத்த நாள் டில்லிபாபுவுக்குத் தெரியும். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

பயம் போகவில்லை. தொங்குகிற பூட்டைக் கடக்கும்போதெல்லாம் திருடன் மாதிரி அக்கம்பக்கம் பார்க்கிறேன். ஆனால் கதவை உன் படத்தில் இருந்தபடியே ஆக்கிவிட்டேன். நீ சுவரை அழித்துவிட்டுக் கதவைத் திரும்ப வை.

நரசிம்மன்


கோயம்புத்தூர்
9.7.2025

மாமா,

ஞாயிறு போய் மூன்று நாள் ஆகிவிட்டது. கடிதம் இல்லை. ஹாஸ்டல் நம்பரை யாரும் எடுக்கவில்லை. டில்லிபாபு நம்பர் அணைந்து கிடக்கிறது. செய்தியில் தேடினேன், ஒரகடம், வல்லம் என்று என்னென்னவோ போட்டுத் தேடினேன், ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதற்காகச் சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை.

நீங்கள் சொன்னபடி கதவைத் திரும்ப வைத்துப் பார்த்தேன். அப்படியும் பச்சையாகவில்லை. சிவப்பு குறைந்தது, அவ்வளவுதான். இன்னொன்று அப்போதுதான் உறைத்தது. என் படத்தில் இருக்கும் ஆட்களுக்கு எந்த வாசல் எங்கே இருக்கிறது என்று முதலிலேயே தெரியும். பக்கத்தில் இருக்கும் கதவுக்குத் தானாகப் போவார்கள். உங்கள் பெண்களுக்கு அந்தக் கதவு திறந்திருப்பது தெரியாதே மாமா. இதை ஏன் நான் முன்பே எழுதவில்லை?

உங்கள் எழுத்தர் யாராக இருந்தாலும் சரி, ஒரு வரி. ஒரு வார்த்தை. என் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். கூப்பிடுங்கள், நான் அழ மாட்டேன்.

சத்யா


வல்லம் வடகால்
14.7.2025

சத்யாவுக்கு மாமா எழுதுவது.

யாரும் சாகவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ மூச்சு விட்டுக்கொண்டு மிச்சத்தைப் படி. போனில் கூப்பிடப் பார்த்தேன். உன் குரல் கேட்டதும் வைத்துவிட்டேன். நேற்று அப்படிக் கூப்பிட்டது நான்தான்.

தாமதம் எதனால் என்றால், எழுதுகிறவர் கையில் தீக்காயம். இப்போதுதான் கட்டைப் பிரித்தார்கள். மெல்ல எழுதுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி பின்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் படுத்துவிட்டார்கள். முன்பக்கத்திலிருந்து சர்ரென்று ஒரு சத்தம், குக்கர் விசில் நிற்காமல் போகிற மாதிரி. அப்புறம் பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம். எனக்குப் புரிந்துவிட்டது. பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டுக் கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். வரட்டும் என்று நின்றேன்.

ஒருத்தியும் வரவில்லை.

மேலே அலறல் கேட்கிறது. ஓடுகிற சத்தம் கேட்கிறது. எல்லாம் அந்தப் பக்கமே போகிறது. நான் திறந்த கதவோடு நிற்கிறேன், என் முன்னால் இருக்கும் படி காலியாகக் கிடக்கிறது. நீ ஒன்பதாம் தேதி எழுதியிருக்கிறாயே, அது எனக்கு ஆறாம் தேதியே அந்த இடத்தில் நின்றபோது விளங்கிவிட்டது. பொங்கலிலிருந்து அது அவர்களுக்குச் சுவர். நான் அதைக் கதவாக்கியதை அவர்களுக்குச் சொல்லவே இல்லை. அவ்வளவு பத்திரமாக மறைத்து வைத்திருந்தேன்.

ஏறினேன். இரண்டாவது மாடி வராண்டாவில் புகை இடுப்புக்கு மேல் நிற்கிறது. எல்லோரும் முன்பக்கப் படியின் தலைப்பில் அடைந்து கிடக்கிறார்கள். இறங்கியவர்கள் புகைக்குப் பயந்து திரும்பி ஏறுகிறார்கள், மேலே இருப்பவர்கள் இறங்கத் தள்ளுகிறார்கள். நான் கூப்பிடுகிறேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கீழே கிடந்த சாப்பாட்டுத் தட்டையும் ஒரு டம்ளரையும் எடுத்துத் தட்டினேன், சாப்பாட்டுக்கு அழைக்கத் தட்டுகிற அதே தாளத்தில். இரண்டு வேளையும் அந்தச் சத்தம் கேட்டுப் பழகிய பிள்ளைகள். தலைகள் திரும்பின. முதலில் திரும்பியது செல்லக்கனி.

"தாத்தா, நீங்க எப்பிடி மேல வந்தீய?"

"பின்னாடி வழியாத்தான். தொறந்து கீது. வா."

அவள் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். நம்பவில்லை போல. பிறகு அவர்கள் பக்கம் திரும்பித் தொண்டை கிழியக் கத்தினாள். "ஏட்டி, பின்னாடி தொறந்து கெடக்குட்டி, இங்கிட்டு வாங்கட்டி." அவள் சொன்னதும் வந்தார்கள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு தட்டைத் தட்டிக்கொண்டே இருந்தேன். கடைசிப் பெண் இறங்கிய பிறகும் தட்டிக்கொண்டிருந்தேனாம். செல்லக்கனிதான் வந்து தட்டைப் பிடுங்கினாள்.

முன்பக்கப் படியில் விழுந்த ஒரு பெண்ணுக்கு விலா எலும்பு முறிந்திருக்கிறது. இரண்டு பேர் புகை குடித்து செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் கிடந்து வந்தார்கள். சமையல்காரம்மா கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலை வெறுங்கையால் அள்ளி ஸ்கூட்டர்கள் மேல் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்தக் கைதான் இதை எழுதுகிறது.

மறுநாளே ஸ்கூட்டர்கள் போய்விட்டன. படிக்கட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். பார்த்தால் ஒன்றும் நடந்த மாதிரி இல்லை. தீயணைப்பு வண்டி வருவதற்குள் புகை அடங்கிவிட்டது, வயரில் கோளாறு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். டில்லிபாபு என்னைக் கூப்பிட்டான்.

"நைனா, நீ தொறந்ததாலதான் பொழச்சாங்கன்னு சொல்லிக்கினு திரியாத."

"நான் யாருக்கும் சொல்லல பாபு."

"சொல்லலன்னாலும் தெரிஞ்சிபோச்சி. பெத்தவங்க போன் பண்றாங்க. பொண்ணு நல்லா கீறாளான்னு ஒருவாட்டி கேக்கறாங்க. கதவு எப்படித் தொறந்துகினு இருந்திச்சின்னு ஒம்போதுவாட்டி கேக்கறாங்க. நான் இன்னா பதில் சொல்ல? நீ வூட்டுக்குப் போ. எனக்கு உன் மேல கோவம் இல்ல, போ."

பின்பக்கக் கதவில் புதுப் பூட்டு. முன்னதைவிடப் பெரியது. வெறும் கொண்டி இருந்த இடத்தில் இப்போது இரும்புப் பட்டை வைத்து அடித்திருக்கிறார்கள். ஷிப்ட் கட்டில் அப்படியே நடக்கிறது. விலா முறிந்தவளின் கட்டிலுக்கு வேறொருத்தி வந்தாகிவிட்டது.

நான் நம் வீட்டில் இருக்கிறேன். இங்கிருந்து பார்த்தால் ஹாஸ்டல் மொட்டை மாடியில் துணி காய்வது தெரிகிறது. துணி நிறைய இருந்தால் உள்ளே நிறையப் பேர் என்று மனம் கணக்குப் போடுகிறது. சமைக்கிறவர்கள் யாராவது தாளித்தால்கூட நாற்றம் வருகிறதா என்று மோந்து பார்க்கிறேன்.

செல்லக்கனி முந்தாநாள் வந்தாள். வாசல்படியில் உட்கார்ந்து ஜடையைப் பிரித்துப் பிரித்துப் பின்னினாள். எழுந்து போகும்போது சொன்னாள்: "எழுதிப் போடச் சொல்லுங்க தாத்தா. எங்கய்யா வந்தா வரட்டும். நான் அவியகிட்ட பேசிக்கிடுதேன்."

அவள் பயந்துகொண்டுதான் சொன்னாள். நானும் பயந்துகொண்டுதான் சொல்கிறேன். மனுவை அனுப்பு. ஷிப்ட் மாறும் அடுத்த ஞாயிறு ஆகஸ்ட் மூன்றாம் தேதி. அதற்கு முன்னால் போய்ச் சேரட்டும்.

கூடவே உன் சிவப்புப் படத்தையும் வை. அறைகளில் பன்னிரண்டு, பின்பக்கத்தில் சுவர். இருக்கிறபடியே போடு. கேட் பக்கத்து அறையில் எனக்காகப் போட்ட ஒன்றை மட்டும் அழித்துவிடு. அங்கே இப்போது நான் இல்லை. அவர்கள் விசாரிக்க வந்தால் வெளியே அனுப்பிவிடுவேன் என்று யாரும் என்னைப் பயமுறுத்த முடியாது. வெளியேதான் இருக்கிறேன்.

கீழே என் கைநாட்டு இருக்கிறது. மை கொஞ்சம் இழுபட்டுவிட்டது.

நரசிம்மன்

இதை எழுதியது ஞானம்மா, ஹாஸ்டல் சமையல். மனுவில் சாட்சி என்ற இடம் இருந்தால் என் பெயரையும் போட்டுவிடு அம்மா.